ஃபாதர் மேலே இருக்கிறார்

எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்கு நான்தான் பொறுப்பு. தந்தி வந்தால் நான் பிரிக்க வேண்டும். மருந்துப் புட்டியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் படித்துச் சொல்ல வேண்டும். தியாகராய நகரில் ஒரே வீட்டில், மாடியில் நானும் மனைவியும் மகளும், கீழே என் தம்பியும் அவன் மனைவியும் இருந்தோம். சமையல் ஒன்றுதான். தம்பி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு உஸ்மான் சாலைப் பக்கம் பாத்திரக்கடை வைத்தவன். நான் பட்டம் வாங்கி அரசாங்க அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவன். தம்பிக்குக் குழந்தை இல்லை.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். தனக்கு ஒரு அப்பாவும் ஒரு சின்ன அப்பாவும் இருப்பதாக அவள் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘அங்கிள்’ என்று திருத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

“அங்கிள்னா யாருண்ணே?”

“அப்பாவோட தம்பி. அண்ணனும்தான். அம்மா கூடப் பிறந்தவங்க, அத்தை புருஷன், எல்லாரும் அங்கிள்தான்.”

“எதிர்த்த வீட்டு அய்யரு?”

“மரியாதைக்கு அவரையும் சொல்லலாம்.”

தம்பி கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். “நம்ம கடையில அண்டா, குண்டான், தூக்குச்சட்டி எல்லாத்தையும் ‘சாமான்’னு ஒரே பேருல வித்தா எவன் வாங்குவான்?” என்றான். அவன் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஒரு மொழியைப் பேசினால் அதன் ஒழுங்குப்படி பேச வேண்டும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். அன்றிலிருந்து தம்பி என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், “இந்த அங்கிள் உள்ள வரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவான்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம் மனைவி விருதுநகருக்குப் போயிருந்தாள். ஒருநாள் அலுவலக வேலையாக நான் சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்குப் போய், கோப்புக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு, ஐந்து மணிக்கு அலுவலகம் திரும்பினேன். மேசை மேல் பியூன் ஒரு சீட்டு வைத்திருந்தார். மகளுக்குப் பள்ளியில் வயிற்றுவலி, கடைக்குத் தொலைபேசி வந்தது, மயிலாப்பூர் ஆஸ்பத்திரி, ஆப்பரேஷன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆப்பரேஷன் ஆயிற்றா, ஆக வேண்டுமா என்று அதில் இல்லை. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கும் என்று நிரப்பிக்கொண்டே போனேன். நிரப்பியதில் ஒன்றுகூட நல்லதாக இல்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரி அது. வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

“இன்னா சார், யாரைப் பாக்கணும்?”

மகளின் பெயரைச் சொன்னேன்.

“பாப்பாவுக்கு நீ இன்னா வேணும்?”

“அப்பா.”

“அப்பா மேல கீறாரு சார். மதியத்துலேர்ந்து கீறாரு.”

“நான்தான்யா அப்பா.”

“அவரும் அதத்தான் சொன்னாரு,” என்றார் அவர், என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு. “எதுக்கும் உள்ள ரிஜிஸ்டர் அம்மாகிட்ட கேட்டுக்க.”

ரிஜிஸ்டர் அம்மா தடித்த கண்ணாடியும் அதைவிடத் தடித்த நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். முதலில் அவரிடம் ஆப்பரேஷன் முடிந்துவிட்டது, குடல்வால், குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். பிறகு ஆஸ்பத்திரி விதியைச் சொன்னார். ஃபாதருக்கும் மதருக்கும் மஞ்சள் அட்டை, எந்நேரமும் இருக்கலாம். மற்ற உறவுக்கு வெள்ளைச் சீட்டு, நாலரையிலிருந்து ஆறு வரை. இந்தக் குழந்தைக்கு இரண்டு மஞ்சள் அட்டையும் கொடுத்தாயிற்று.

“ஃபாதர் மேலே இருக்கார். மதரும் மேலே இருக்காங்க. நீங்க யாரு?”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தைந்து. புத்தியுள்ளவன் வெள்ளைச் சீட்டை வாங்கிக்கொண்டு மாடி ஏறியிருப்பான். நான் வாதம் செய்தேன். மேலே இருப்பவர் ஃபாதர் இல்லை, அங்கிள் என்றேன். அந்த அம்மாளும் மதர் இல்லை, ஆன்ட் என்றேன். உறவுச் சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்துவதன் அவசியத்தை, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, முழுமுழு வாக்கியங்களில் எடுத்துச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “சார் வக்கீல் போல,” என்றார்.

ரிஜிஸ்டர் அம்மா ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். கத்தி வைக்கச் சம்மதம் தரும் படிவம். உறவு என்ற இடத்தில் ‘ஃபாதர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழில் தம்பியின் கையெழுத்து. கடைப் பலகை எழுதுகிறவனைப் போல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் போட்டிருந்தான். எழுத்துப்பிழை இல்லை.

“நீங்க ஃபாதர்னா, இதுல கையெழுத்துப் போட்டவர் யாரு? பொய் சொல்லி ஆப்பரேஷனுக்குச் சம்மதம் குடுத்திருக்காரா? அப்படின்னா நான் மதர் சுப்பீரியரைக் கூப்பிடணும். டாக்டரையும் கூப்பிடணும். கூப்பிடவா?”

கடிகாரம் ஐந்து ஐம்பது காட்டியது. நான் படிவத்தைப் பார்த்தேன். நேரம் என்ற இடத்தில் பிற்பகல் இரண்டேகால் என்று இருந்தது. இரண்டேகாலுக்கு நான் சைதாப்பேட்டையில் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“கூப்பிட வேண்டாம்,” என்றேன். “எனக்குக் கொஞ்சம் குழப்பம். நான் அங்கிள்.”

“முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்லே,” என்று வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மாடியில் மகள் கண்மூடிப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. தம்பி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் கை அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. அவன் மனைவி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தம்பி அசையாமல், குரலை மட்டும் தாழ்த்திப் பேசினான்.

“கத்திராதீங்கண்ணே. அங்கிள்னுதான் எழுதப் போனேன். அங்கிள் எழுதுனா செல்லாது, ஃபாதர் வரட்டும்னாங்க. ஆபீசுக்கு மூணு தடவை போன் பண்ணேன், நீங்க இல்ல. இன்னும் ஒரு மணி நேரம் விட்டா உள்ளயே உடைஞ்சிரும்னு டாக்டர் சொல்றாரு. நான் என்ன செய்ய?”

கத்தும் நிலையில் நான் இல்லை. அவன் தோளில் கை வைத்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். சாந்தோம் பக்கத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், நல்ல தமிழ். மகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

“சித்தப்பா, தண்ணி.”

நர்ஸ் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். “சித்தப்பாவா?”

கடையில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவன் தம்பி. “எங்க ஊர்ல அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் சிஸ்டர்,” என்றான்.

மகளின் பார்வை மெல்ல என் மேல் வந்து நின்றது. “அப்பா,” என்றாள்.

நர்ஸ் என் கையிலிருந்த வெள்ளைச் சீட்டை வாங்கிப் படித்தார். தம்பி என்னைப் பார்த்தான். அவன் மனைவி ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்த்தாள்.

“எங்க ஊர்ல,” என்றேன், “அங்கிளை அப்பான்னுதான் கூப்பிடுவாங்க.”

“உங்க ஊரு எதுங்க?”

“விருதுநகர் பக்கம்.”

“ஓ,” என்றார் நர்ஸ். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மகளின் உதட்டில் வைத்தார். குடிக்கத் தண்ணீர் காலையில்தான் என்று அவளிடம் சொன்னார். சீட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே போட்டார். அந்த நேரம் கீழே மணி அடித்தது.

“ஆறு மணி. அங்கிள் வெளியே போகணும்,” என்றார். எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ரெண்டு பேர்ல யாரு அங்கிளோ அவர் போகலாம். எனக்கு யாருன்னு தெரிய வேண்டாம்,” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தம்பி மஞ்சள் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டே எழுந்தான். எழ முடியவில்லை. மகள் மறுபடி கண்ணயர்ந்திருந்தாள், சட்டைக் கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. அவன் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

“நீ இரு,” என்றேன். “நான் காலையில வரேன்.”

“நாலரைக்குத்தாண்ணே விடுவாங்க,” என்றான் தம்பி.

படி இறங்கி வாசலுக்கு வந்தேன். காவல்காரர் வெள்ளைச் சீட்டைக் கேட்டு வாங்கி, பிரித்துப் பார்த்து, கம்பியில் குத்தினார்.

“இன்னா சார், பாப்பாவோட அப்பாவைப் பாத்தியா?”

“பாத்தேன்,” என்றேன்.