பிலோ அக்கா கழற்றிய தேக்கு

பிலோ அக்கா போய்விட்டார். இன்று காலை, பாலக்கரை வீட்டில்... அவர் மகன் போன் செய்து சொன்னார்.

"கல்யாணச் சாவுதானே" என்று யாராவது கமெண்ட் போட்டால் பிளாக் செய்துவிடுவேன். எண்பத்தேழு வயதானால் என்ன, எனக்கு மனசு ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் நர்ஸ். அவர் பாலக்கரை, நான் ஸ்ரீரங்கம். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

உப்பிலியபுரத்தைத் தாண்டி பச்சைமலைச் சரிவில் மூன்று சின்ன ஊர்கள். பிரசவம் பார்க்க அங்கே ஆள் கிடையாது. வலி வந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்.

அப்படி ஒரு பெண் எங்கள் வார்டு வாசல் வரை வந்து இறந்துபோனாள். பத்தொன்பது வயது. பிள்ளையும் தங்கவில்லை.

அக்கா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "இனிமே அவங்க இறங்கி வர வேணாம் ரங்கம். நாம ஏறிப் போவோம்."

ஏறிப் போனால் எங்கே தங்குவது? கல்யாணம் ஆகாத இரண்டு பெண்களுக்கு இடம் கொடுக்க அந்தப் பக்கம் யாரும் தயாராக இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பழைய ராணுவ லாரி சும்மா நின்றது. அதையே வீடாக்குவது என்று முடிவானது. வாரம் நான்கு நாள் சமையல், தூக்கம், வைத்தியம் எல்லாம் அதற்குள்தான்.

இப்போது கேரவன் என்று ரீல்ஸ் போடுகிறீர்களே... அதுதான்.

மரத்துக்கு எங்கே போவது? சர்ச்சில் மாற்றிய பழைய பெஞ்சுகளைக் கொடுத்தார்கள். அசல் தேக்கு. ஒவ்வொன்றின் முதுகிலும் இறந்துபோன யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கும், அவர் நினைவாக வீட்டார் கொடுத்தது.

செத்தவர் பெயர் உள்ள பலகையை இழைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது என்று ஆசாரி கை வைக்க மறுத்துவிட்டார். நாங்களும் பயபக்தியோடு தலையாட்டினோம். முழுப் பலகை முழுப் பலகையாக இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேசை. பார்க்க அரண்மனை!

ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்தார், மாலை போட்டார்கள், கிளம்பினோம். முதல் மேட்டிலேயே தேக்கின் கனம் தாங்காமல் லாரி உட்கார்ந்துவிட்டது. ரேடியேட்டர் கொதிக்கிறது, வண்டி பின்னால் நழுவுகிறது... நான் பெருமாளைக் கூப்பிட்டேன், அக்கா மாதாவைக் கூப்பிட்டார், டிரைவர் செல்லையா அண்ணன் எங்கள் இருவரையும் திட்டினார்.

ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரி மதர் சுருக்கமாகச் சொன்னார்: "மூணு வாரம் பார்ப்பேன். ஏறலைன்னா லாரி அரிசி மூட்டை ஏத்தப் போயிடும்."

மறுநாள் லீவு. நான் போனபோது அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையோடு லாரிக்குள் நின்றார். அலமாரி ஏற்கெனவே தரையில் கிடந்தது.

"அக்கா, பேரெல்லாம் இருக்கே... ஊரே வந்து சண்டை போடும்."

"போடட்டும். நீ அந்த முனையைப் பிடி."

கழற்றியதோடு விடவில்லை. ஒவ்வொரு பலகையையும் மாட்டு வண்டியில் ஏற்றி, அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோனார். ஒரு டீத்தூள் வியாபாரி வீட்டு அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார். "எங்க மாமனார் பேரைக் கழட்டிட்டு வந்து என்கிட்டயே நீட்டுறியா?"

"உங்க மாமனார் மலை ஏற மாட்டேங்குறாருங்கம்மா. அவருக்குப் பதிலா லேசா ஏதாவது குடுங்க."

அடி விழப்போகிறது என்று நான் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன். அந்த அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போனார். நான்கு தேயிலைப் பெட்டிகள் வந்தன, மெல்லிய பிளைவுட்.

பிறகு மூங்கில், கான்வாஸ், கோரைப்பாய், கயிறு... வீட்டுக்கு ஒன்று. ஆசாரியைக் கூப்பிடவில்லை, நாங்களே செய்தோம். மூங்கிலில் கான்வாஸ் கோத்து, பகலில் சுருட்டி வைக்கிற கட்டில். பெட்டிப் பலகையில் மருந்துத் தட்டு. ஆணி கனம் என்று பாதி இடத்தில் கயிற்றுக்கட்டு.

உள்ளே போகும் எதுவும் விறகுக் கடைத் தராசில் ஏறி இறங்கித்தான் போகும். என் பித்தளைக் கூஜாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை நான்.

கடைசியில் என்னையே தராசில் ஏற்றினார். விறகுக் கடைக்காரர் சிரித்தார். அக்கா சொன்னார், "நீ கனம்தான். ஆனா உன்னை இறக்க முடியாதே ரங்கம், ஊசி போட ஆள் வேணுமே."

பலகைகளில் வெட்டியிருந்த அத்தனை பெயரையும் லாரிக் கதவின் உள்பக்கம் வெள்ளை பெயின்ட்டில் எழுதினார். "பேரை வெட்டினாத்தான் நிக்கணுமா? எழுதினாலும் நிக்கும்."

மூன்றாவது வாரம், அதே மேடு. பாதியில் லாரி முக்கியது. அக்கா கீழே குதித்தார். "இறங்கு. இப்ப நாமதான் கனம்."

ஆளுக்கு ஒரு கல். லாரி நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் வைப்போம், நகர்ந்ததும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்போம். ஏறிவிட்டது. உச்சியில் அக்கா கல்லைக் கீழே போடாமல் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

அந்த வாரமே ஒரு பெண் குழந்தை பிறந்தது, அந்தக் கான்வாஸ் கட்டிலில். தாயும் பிள்ளையும் நலம்.

இன்று போனில் அவர் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா எழுதி வச்சிருக்காங்க ஆன்ட்டி. பெட்டி தேக்குல வேணாமாம், தூக்குறவங்க பாவமாம். பேரை வெட்ட வேணாம், பெயின்ட்ல எழுதினாப் போதுமாம்... ரங்கத்துக்குப் புரியும்னு போட்டிருக்காங்க."

புரிந்தது. பேரை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை பெயின்ட் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம்.

முன்னாடி போங்க அக்கா. கல்லை எடுத்துக்கிட்டு பின்னாடியே நடந்து வரேன்.