வெள்ளை மாத்திரையும் வேப்பிலையும்

என் கணவருக்கு டாக்டர் என்றால் ஆகாது. டாக்டர் கேள்வி கேட்பார், மெடிக்கல்காரர் கேட்கமாட்டார். ஆகவே மெடிக்கல்காரர்தான் நல்லவர். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், புதுவாயல் கடையில் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தந்துவிடுவார். மாத்திரையின் பெயர் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

போன பங்குனியில் அப்படி வாங்கி விழுங்கியவருக்கு, மறுநாள் காலை மார்பும் முதுகும் சிவந்து தடித்திருந்தன. மாமியார் ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் அவருக்குப் பரிசோதனை தேவைப்படாது.

"மாரியம்மா வந்துகீறா. மாத்திர கீத்திர இன்னா இருந்தாலும் தூக்கிப் போடு."

வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. மாத்திரையும் நின்றது. தடிப்பு இறங்கிவிட்டது. கோயிலில் கூழ் ஊற்றினோம், தெருவே வந்து குடித்தது. மாத்திரையை நிறுத்தியதால் இறங்கியிருக்குமோ என்று மெல்ல வாயைத் திறந்தேன். படித்த திமிர் என்றார் மாமியார். பத்தாவது வரை படித்தவளுக்கு எவ்வளவு திமிர் இருக்குமோ அவ்வளவுதான் எனக்கும் இருந்தது. கூழ்ப் பானையைக் கழுவப் போய்விட்டேன்.

ஆடியில் மறுபடி காய்ச்சல், மறுபடி அதே கடை. விழுங்கிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். நான் சோறு வடிப்பதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, கண் இடுங்கும் அளவுக்கு வீக்கம், உதடு இரண்டு மடங்கு. மாமியார் வேப்பிலை ஒடிக்கக் கிளம்பினார். நாலே மாசத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறாளே, தன் பிள்ளைமேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று பெருமை வேறு.

கணவரின் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. ஆட்டோவைக் கூப்பிட்டேன். மாமியார் வாசலில் குறுக்கே நின்றார். அம்மை போட்டவனை வெளியே கொண்டுபோனால் தெய்வக் குத்தம் என்றார்.

"குத்தம் என் தலைல விழட்டும் அத்தை. உங்க புள்ளைக்கு மூச்சு வரல. நவுருங்க."

நகர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவர் நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சு சீரானதும், என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார். வெள்ளையாக இருக்கும் என்றார் என் கணவர், பெரிய துப்புக் கொடுத்தவர்போல. கடையில் பாதி மாத்திரை வெள்ளைதான் என்றார் டாக்டர். இன்னொரு தடவை அதைத் தின்றால் ஆள் இங்கே வந்து சேரமாட்டார் என்றும் சொன்னார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார், விழுங்கியது நான்தான் என்பதுபோல. மறுநாள் மெடிக்கல் கடையில் சண்டை போட்டு மாத்திரையின் பெயரை வாங்கிவந்தேன்.

தெருவில் இப்போது மாமியார் சொல்கிற கதையே வேறு. மாரியம்மாதான் மருமகள் வாயில் வந்து 'நவுரு' என்றாளாம். அதனால்தான் நகர்ந்தாராம். சொல்லிக்கொள்ளட்டும். பேர் அவளுக்கே போகட்டும், எனக்கு ஆள் மிஞ்சினார்.