அஞ்சுதெங்குல அடிச்ச சாம்பிள்

நான் திருவனந்தபுரத்துல, சாலை பஜார்ல பெயின்ட் கடை வச்சிருக்கேன். வருஷா வருஷம் கம்பெனிக்காரன் டார்கெட்னு ஒண்ணு சொல்லுவான். அதைத் தொட்ட டீலரை வெளிநாடு கூட்டிட்டுப் போவான். நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. டீலர் மீட்டிங்ல எனக்குக் கிடைச்சதெல்லாம் ஃப்ளாஸ்க்கும் குடையும்தான். போன வருஷம் மழை சீக்கிரமே நின்னு, ஊர்ல பாதிப் பேர் ஒண்ணுபோல வீட்டுக்கு பெயின்ட் அடிக்கக் கிளம்பிட்டாங்க. இதுல என் சாமர்த்தியம் எதுவுமில்ல. நான் கல்லாவுல சும்மா உக்காந்திருந்தேன், டார்கெட் தானா வந்து என்மேல முட்டிடுச்சு. பரிசு, மெடிட்டரேனியன் கடல்ல கப்பல் பயணம், குடும்பத்தோட.

குடும்பம்னா நானு, என் பொண்டாட்டி, ஆறு வயசுல ஒரு மக, மூணரை வயசுல ஒரு மகன். எனக்கு அம்பது ஆகப் போகுது. கல்யாணமும் லேட்டு, புள்ளைங்களும் லேட்டு. ஸ்கூல் வாசல்ல நான் நின்னா, 'அப்பூப்பனா?'னு கேட்டுட்டுதான் மகளை வெளிய விடுவாங்க. தாத்தாவான்னு அர்த்தம். அதுக்கு நான் கோவிச்சுக்கிறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

கம்பெனி செலவு கப்பலுக்குள்ள மட்டும்தான். கப்பல் காலைல ஒரு துறைமுகத்துல நிக்கும், சாயங்காலம் கிளம்பிடும். நடுவுல கரையில இறங்கி என்ன பாக்கணும், எப்படிப் போகணுங்கிறதெல்லாம் அவங்கவங்க பாடு. நாலரைக்குள்ள திரும்ப ஏறலேன்னா யாருக்காகவும் நிக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம்ம காசுல போய்ப் பிடிச்சுக்கிடணும்.

என் பொண்டாட்டி பிளஸ் ஒன்னுக்கு ஹிஸ்டரி எடுக்கா. துறைமுகம் லிஸ்டு வந்த அன்னைக்கு, மத்த ஊரையெல்லாம் தாண்டிப் போய் நேப்பிள்ஸ்ல விரலை வச்சா.

"இங்கேருந்து பாம்பெய் பக்கம். எரிமலை வெடிச்சு சாம்பல்ல மூடிப்போச்சே, அந்த ஊர். நான் எத்தனை வருஷமா அந்தத் தெருவைப் பத்திப் பாடம் எடுக்கேன், தெரியுமா? கடை எங்க, ரொட்டி சுட்ட அடுப்பு எங்க, எல்லாம் சொல்லுவேன். ஒரு பய, 'மிஸ் அவிடெ போயிட்டுண்டோ'னு கேட்டான். போயிருக்கேளான்னு. நான் போர்டைத் துடைச்சிட்டு நின்னேன்."

"போயிருவோம்."

"வேற எங்கயும் இறங்க வேண்டாம் எனக்கு. அந்தத் தெருவுல ஒரு தடவை நடக்கணும். அது மதி, அது போதும்."

அவ என்கிட்ட வாய்விட்டு ஒண்ணு கேக்கிறது அபூர்வம். இதுக்கு முன்னாடி கேட்டது வாஷிங் மெஷின். அதையும் நான் நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிச்சிட்டே இருந்ததுல, கடைசில அவளே போய் வாங்கிட்டு வந்துட்டா. இதை விட்டுரக் கூடாதுன்னு நினைச்சேன்.

மறுநாள்லேருந்து கடையில உக்காந்து பிளான் போட ஆரம்பிச்சேன். யாராவது ப்ரைமர் கேட்டு வந்தா, நான் செல்போன்ல இத்தாலியில ரயில் ஏறிட்டிருப்பேன். ஒரு வீடியோவுல, 'சின்னப் புள்ளைங்களோட பாம்பெய் போறது ரொம்ப ஈசி'ன்னு ஒரு வெள்ளைக்காரம்மா சிரிச்சிட்டே சொன்னாங்க. அவங்க பின்னால அவங்க புருஷன் ரெண்டு புள்ளையைத் தூக்கிட்டு, வேர்த்து ஒழுகி, செத்த மூஞ்சியோட நின்னாரு. நான் அந்தம்மாவைப் பாக்கல்ல, அவரைத்தான் பாத்தேன்.

நாகர்கோயில்லேருந்து எங்ககூட வரப்போற ஒரு டீலர் வாட்ஸப்புல பேசி அனுப்பினாரு. "அண்ணாச்சி, ரோமுல இறங்கினதும் ஒரு வேனைப் பிடிக்கோம், ஒன்பது இடம் பாக்கோம், சாயங்காலம் கப்பல். நவக்கிரகம் சுத்தலையா நாம?" கப்பல்காரன் ரோம்னு எழுதியிருக்கிற துறைமுகத்துலேருந்து நிஜ ரோமுக்கு ஒண்ணரை மணி நேரம் போகணும். கொல்லத்துல இறக்கிவிட்டு இதான் திருவனந்தபுரம்னு சொல்ற மாதிரி. அதை அவருகிட்ட எடுத்துச் சொன்னேன். "அப்ப எட்டு இடம் பாப்போம்"னாரு.

எனக்கு ஒரே இடம்தான். அதுக்கே வழி தெரியல்ல. கப்பல்காரன் டூர் பஸ் வச்சிருக்கான், ஆனா மகனுக்கு பஸ்ல ஏறினா வாந்தி. டயர் உருளவே வேண்டாம், சீட்டு வாசனை போதும். தள்ளுவண்டி கொண்டுபோலாம்னா, அந்தத் தெருவெல்லாம் பெரிய பெரிய கல்லு, சக்கரம் உருளாது. தூக்கிட்டு நடக்கலாம்னா, எனக்கு மாடிப்படி ஏறினாலே முட்டு பேசும். மக நல்லா நடப்பா, ஆனா மனசு வரணும். வரல்லேன்னா நடுரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்துருவா. ரெண்டு பேரும் வெளிய வந்தா தயிர்சாதம் தவிர ஒண்ணும் தொடமாட்டாங்க. இத்தாலியில தயிர்சாதத்துக்கு நான் எங்க போவேன்?

கடைசில என் தொழில்லேருந்தே ஒரு யோசனை வந்துச்சு. எவ்வளவு நல்ல கலரானாலும், செவுத்துல ஒரு மூலையில சாம்பிள் அடிச்சு, காயவிட்டுப் பாக்காம முழுச் செவுத்துல கை வைக்கக் கூடாதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்டெல்லாம் சொல்லுவேன். அதே மாதிரி இந்த டூருக்கும் ஒரு சாம்பிள் அடிச்சாலென்ன? தம்பானூர்ல ரயில் ஏறி கடக்காவூர்ல இறங்கினா, அங்கேருந்து ஆட்டோவுல அஞ்சுதெங்கு, கடலோரத்துல இடிஞ்ச பழைய கோட்டை. ரயில் இருக்கு, கல்லு இருக்கு, கடல் இருக்கு, வெயில் வேண்டிய மட்டும் இருக்கு. எரிமலைதான் இல்ல. அதுக்கு எங்கூட மகன் இருக்கான்.

ராத்திரிச் சாப்பாட்டுல சொன்னேன். அவ ரசத்தை ஊத்திட்டே கேட்டா.

"பாம்பெய்ல புள்ளைகளை நீங்க பாத்துக்கிடுவேளா? நான் பின்னால திரும்பிப் பாக்காம நடக்கணும்."

"நீ திரும்பவே வேண்டாம். நான் பின்னாலயே வாரேன், ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு. நீ ஒவ்வொண்ணாச் சொல்லிட்டே போ, நான் கேட்டுட்டே வாரேன்."

இதைச் சொல்லும்போது, அந்தக் காட்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அவ முன்னால பாடம் எடுத்துட்டுப் போறா, நான் கடைசி பெஞ்சு மாதிரி பின்னாலயே போறேன். அதை மனசுல வச்சுத்தான் இத்தனை வீடியோவும் பாத்தேன். எந்த வாசல்ல கூட்டம் குறைச்சல், எந்த மூலையில நிழல்னு எல்லாம் தெரிஞ்சு வச்சிருந்தேன்.

"அப்ப இந்த சாம்பிளுக்கு நான் வரல்ல, கேட்டேளா. நான்தான் கப்பல். வீட்டுலயே நிக்கேன். நீங்க ரெண்டையும் கூட்டிட்டுப் போயிட்டு நாலரைக்குள்ள வந்தேள்னா, பாம்பெய்க்கு எல்லாரும் போவோம். வரல்லேன்னா நான் அன்னைக்குக் கப்பல்லேருந்தே எரிமலையைப் பாத்துக்கிடுகேன். பாதி வழியில ஓடித் திரும்புறதுக்கு, போகாமலே இருக்கலாம்."

"நாலரைன்னா கரெக்டா நாலரையா?"

"கப்பல்கிட்ட கேளுங்க."

ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினோம். ஆரியசாலையில எங்க வீட்டு வாசல்ல நின்னு, அவ மக கையில தண்ணி பாட்டிலைக் குடுத்து, "டாட்டா, கப்பல் நாலரைக்குப் போயிரும், அப்பாகிட்டச் சொல்லிட்டே இரு"ன்னா. மக அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டா. தம்பானூர் ஸ்டேஷன் படி ஏறும்போதே, "அப்பா, கப்பல் போயிருமா?"ன்னா. காலைல ஒன்பது மணி கூட ஆகல்ல.

போறது சுகமாப் போச்சு. ரயில்ல மகனுக்கு வாந்தி வரல்ல. எனக்கே என்மேல ஒரு மரியாதை வந்துச்சு. எதிர்ல இருந்த அம்மா, "பேரக்குட்டிகளா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். இல்லேன்னு சொல்லிப் புரியவைக்கிற நேரத்துல பையில தயிர்சாதம் சாஞ்சிரும்.

கோட்டையில போனதும் மக கேட்டா, "இது எப்ப இடிஞ்சுது? யாரு இடிச்சா? அவங்களுக்கு அடி கிடைச்சுதா?" அவ அம்மாவா இருந்தா அரை மணி நேரம் சொல்லுவா. நான், "ரொம்பப் பழசு மக்ளே"ன்னேன். அடுத்ததையும் கேட்டா. அதுக்கும், ரொம்பப் பழசுன்னேன். "அப்பாவுக்கு ஒண்ணும் அறியாது"ன்னு தம்பிகிட்ட சொல்லிட்டு நடந்தா. அவ பாதி மலையாளத்துலதான் பேசுவா. அதனால கொஞ்சம் மரியாதையாக் கேட்டுச்சு.

மகன் ஒரு ஆட்டுக்குட்டியைப் பாத்தான். அதோட கோட்டை முடிஞ்சுது. ஆடு போற பக்கம் அவன், அவன் போற பக்கம் நான். ஒரு கையில சாப்பாட்டுப் பை, ஒரு கையில மக. மகளுக்கு நடக்க மனசு இல்லாமப் போயி, புல்லுல சம்மணம் போட்டு உக்காந்துட்டா. ரெண்டும் ரெண்டு பக்கம். நடுவுல நான் நின்னு, ஒரு பக்கம் ரெண்டடி, மறுபக்கம் ரெண்டடின்னு ஆடிட்டிருந்தேன். காதலிக்க வந்த ஒரு ஜோடி எங்களைப் பாத்துட்டு, எதிர்காலத்தை யோசிச்ச மாதிரி சத்தமில்லாம எழுந்து போச்சு.

ஆட்டைப் பிரிச்சதும் அழுகை. அழுதழுது என் தோள்ல தூங்கிட்டான். தூங்கின புள்ளை முழிச்ச புள்ளையைவிட ரெண்டு மடங்கு கனம். வெயில்ல ஒரு ஆட்டோ இல்ல. நடந்தோம். மக பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, கப்பல், கப்பல்"னு பின்னாலயே வந்தா. கடக்காவூர் வந்தப்ப, நான் நினைச்ச ரயில் எங்க கண்ணு முன்னாலயே வால் தெரியப் போயிட்டிருந்துச்சு. அடுத்த ரயில் லேட்டு. ஸ்டேஷன்லேருந்து போன் பண்ணலாம்னு எடுத்தேன். என்ன சொல்றது? கப்பலுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்ற வழக்கம் இல்ல. பையில வச்சிட்டேன்.

ஆரியசாலையில ஆட்டோவை விட்டு இறங்கும்போது அஞ்சே கால். வீட்டுக் கதவுல பெரிய பூட்டு தொங்குச்சு. என் சாவி உள்ள ஆணியில.

"கப்பல் போயி, அல்லே அப்பா?"ன்னா மக. அழல்ல. நடக்கும்னு அவ எதிர்பார்த்ததுதான் நடந்திருக்கு.

ஞாயித்துக்கிழமை, தெருவுல எல்லாக் கடையும் அடைப்பு. நான் பூட்டைப் பாத்துட்டு நின்னேன். வெளாட்டுதானேன்னு ஒரு பக்கம் தோணுச்சு. இன்னொரு பக்கம், அவளுக்கு இருந்த ஒரே ஆசையை ஒரு ஆட்டுக்குட்டிகிட்டக் குடுத்துட்டு வந்துட்டோமேன்னு இருந்துச்சு. போன் பண்ணினேன்.

"எங்கட்டி இருக்க?"

"அடுத்த துறைமுகத்துல. சங்குமுகம். உங்க காசுல வாங்க."

மறுபடி ஆட்டோ. சங்குமுகம் கடற்கரையில சுவரோரமா, செருப்பைக் கழட்டி வச்சிட்டு, சுட்ட சோளத்தைக் கடிச்சுக்கிட்டு அவ ஒத்தையா உக்காந்திருந்தா. நாங்க வர்றதைப் பாக்கல்ல. நான் அவளை அப்படிப் பாத்ததில்ல. தோளு ரெண்டும் இறங்கி, யாரும் கூப்பிடமாட்டாங்கன்னு தெரிஞ்ச மாதிரி இருந்தா. கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்னு பாத்தேன். மகன் முழிச்சு, "அம்மா"ன்னு கத்திட்டான். இறங்கியிருந்த அவ தோளு மறுபடி மேல ஏறிடுச்சு.

"முக்கா மணி நேரம் லேட்டு"ன்னா.

"ஆடு ஒண்ணு வந்துது."

"அங்கயும் ஏதாவது வரும்." சோளத்தை ரெண்டாப் பிச்சு புள்ளைகளுக்குக் குடுத்தா. "நாலரை வரைக்கும் காத்திருந்தேன். பிறகு, பூட்டிட்டு வந்தேன். வந்து உக்காந்தா, ஒரு நிமிஷம் அழலாம்னுதான் வந்தது. அழுகை வரல்ல, கேட்டேளா. நல்லா இருந்துச்சு. கல்யாணத்துக்குப் பிறகு ஒத்தைக்கு எங்கயாவது வந்து உக்காந்திருக்கேனா நான்?"

நான் மகனைத் தோள்லேருந்து மணல்ல இறக்கிவிட்டேன்.

"கப்பல்ல இருந்து எரிமலையைப் பாக்கேன்னு சொன்னேன்லா, அதை மாத்திக்கிடுகேன். நான் போறேன். ஒத்தைக்கு. நீங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு கப்பல்லயே இருங்க. அங்க ஆடு கிடையாது."

"ஒத்தைக்கா? பாஷை தெரியாத ஊர்ல?"

"ரயில் ஏறி இறங்கத்தானே. நீங்க பிளான் போட்டு வச்சிருக்கேளே."

இதுக்கு நான் சந்தோஷப்படணும். அவ போகாமலே இருந்துருவாளோங்கிற பயம்தானே ரயில்ல வரும்போது நெஞ்சுல உக்காந்திருந்துச்சு. அது இறங்கிடுச்சு. ஆனா இறங்கின இடத்துல வேற ஒண்ணு ஏறி உக்காந்துச்சு. அவ முன்னால, நான் பின்னாலன்னு நான் மனசுல ஓட்டிட்டிருந்த தெருவுல இப்ப என்னைக் காணல்ல. இதை அவகிட்டச் சொல்லலாமா? சொன்னா, உடனே வேண்டாம்னுருவா. அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஒரு ஜோக் அடிக்கப் பாத்தேன். வரல்ல.

"பாம்பெய்க்கு டிக்கெட் இப்பவே போட்டுருங்க. நாளைக்கானா யோசிக்க ஆரம்பிச்சுருவேன்"னா.

போனை எடுத்தேன். பெரியவங்க எத்தனை பேர்னு கேக்கிற கட்டத்துல ரெண்டுன்னு அதுவே போட்டு வச்சிருந்துச்சு. மைனஸை அமுக்கினேன். விரல்ல மணல். ரெண்டாவது தடவைதான் எடுத்துச்சு.

அவ எட்டிப் பாத்துட்டு, புடவையை ஒதுக்கி எனக்கு இடம் விட்டா.

"சரி, சொல்லுங்க. நான் எந்த வாசல்ல நுழையணும்?"

பாடத்துல இருக்கிறதெல்லாம் அவளுக்குத் தெரியும். கூட்டம் எங்க, தண்ணிக்குழாய் எங்க, மத்தியானத்துல நிழல் எந்தச் சுவத்துல விழும், இதெல்லாம் எனக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணாச் சொன்னேன். நடுவுல மகன் என் காலுமேல மணலைக் குவிச்சு மூடிட்டிருந்தான். அவ மறுபடி கேட்டா, நான் மறுபடி சொன்னேன். இருட்டுற வரைக்கும் சொல்லிட்டிருந்தேன்.