பெரியப்பாவின் கைக்கு ஒரு பிடி

வார நாட்களில் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி செய்தார். விற்பதற்கு அல்ல, அது அவருக்குப் பொழுதுபோக்கு. திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு மரக்கடை இருந்தது. அங்கே ஒடிந்துபோன ரம்பத் துண்டுகளையும் கழித்துப்போட்ட கட்டைகளையும் கேட்டு வாங்கி வருவார். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்தால் கறிக்குழம்பு கொதிக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். இரும்பை அரத்தால் ராவுவார். சாணைக்கல்லில் தீட்டுவார். கட்டையைப் பிளந்து இருபுறமும் வைத்துப் பித்தளை ஆணி அறைவார். அதற்குப் பிறகு உப்புத்தாளை எடுத்துப் பிடியைத் தேய்க்கத் தொடங்குவார். அதுதான் அவருக்குப் பிடித்த வேலை. தேய்ப்பதற்காகத்தான் இந்த மனுசன் கத்தியே செய்கிறார் என்பாள் அம்மா.

உறவில் யார் வீட்டு அடுப்படிக்குப் போனாலும் அப்பாவின் கத்தி ஒன்று இருக்கும். "மொய் எழுதச் சொன்னா கத்திய நீட்டுற ஒரே ஆளு எங்க மச்சான்தான்" என்று மாமா கேலி செய்வார். கத்தி போகாத வீடு ஒன்றே ஒன்று. அது பெரியப்பா வீடு.

பெரியப்பா கொடைரோட்டுக்குப் பக்கத்தில் வாழை போட்டிருந்தார். பூர்வீக வீட்டில்தான் குடியிருந்தார். அந்த வீட்டு வாசலில் நின்ற பூவரச மரத்தைத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டார் என்பது அப்பாவின் கோபம். வேர் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது, கேட்டிருந்தால் வெட்ட விட்டிருக்க மாட்டான் என்பது பெரியப்பாவின் நியாயம். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பத்து வயதான எனக்கு அந்தத் தடை கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை, தெரிந்த கண்டக்டர் இருக்கிற பஸ்ஸில் அம்மா ஏற்றிவிடுவாள். அங்கே இறங்கும்போது பெரியம்மா நிற்பாள்.

ஒரு நாள் அம்மா, யாரிடமும் சொல்லாதது போல, அம்மியிடம் சொன்னாள். "ஊரு உலகத்துக்கெல்லாம் கத்தி போயிருச்சு. கூடப் பெறந்தவரு இன்னும் துருப்புடிச்ச அருவாள வச்சுத்தான் வாழச்சீப்பு அறுக்குறாராம்."

அடுத்த மாதம் நான் கிளம்பும்போது, அப்பா செய்தித்தாளில் சுற்றிய கத்தி ஒன்றை என் பைக்குள் வைத்தார். "பெரியப்பனுக்கு. கையில குடுக்காத. கீழ வையி, அவரா எடுத்துக்கிடட்டும். கையில வாங்குனா சண்ட வரும்."

பேசிக்கொள்ளாதவர்களுக்கு இதற்குமேல் என்ன சண்டை வரும் என்று தோன்றியது. ஆனாலும் நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. என் பென்சில்கள்கூட டப்பாவுக்குள் உயர வரிசையில்தான் படுத்திருக்கும். பெரியப்பாவின் காலடியில் கத்தியை வைத்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன்.

அவர் எடுத்துப் பார்த்தார். ஒரு சீப்பு அறுத்தார். இன்னொரு சீப்பு அறுத்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "பிடி தடியா இருக்கு. உங்கப்பனக் கொஞ்சம் ராவச் சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அவரு வாயி தடின்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார் அப்பா. ஆனால் அன்றைக்கே அரத்தை எடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் பிடி வழுக்கியது. அப்பா அதில் வரி வரியாகக் கீறிக் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் வரி உள்ளங்கையில் உறுத்தியது. கூடவே பெரியப்பா வாழைச் சருகில் சுற்றிய ஒரு கட்டையைக் கொடுத்தனுப்பினார். "இதுல போடச் சொல்லு. சும்மாதான் கெடக்கு."

அப்பா சருகைப் பிரித்தார். கட்டையை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். "பூவரசு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மிச்ச மரத்த என்ன செஞ்சாராம்?" என்று கேட்டார்.

"சொல்லல."

"அடுத்த தடவ கேட்டுட்டு வா."

அதையும் கேட்டேன். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வித்துத் தின்னுட்டேன்னு நெனச்சானாக்கும்! அந்தா கொட்டாயில அடுக்கி வச்சிருக்கு. வந்து பாக்கச் சொல்லு அவன." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அவன் ஒண்ணும் வர வேண்டாம். நீயே பாத்துட்டுப் போயி சொல்லாத்தா."

நான் போய்ப் பார்த்தேன். அடிமரம், கிளை எல்லாம் வகை பிரித்து, கரையான் ஏறாமல் செங்கல் மேல் அடுக்கப்பட்டிருந்தன. என் பென்சில் டப்பாவுக்கு இணையான ஒழுங்கு. அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பூவரசம் பிடியைத் தேய்க்கப் போனார். அந்தப் பிடியைத் தேய்த்த அளவுக்கு அவர் வேறெதையும் தேய்த்ததில்லை.

"எல்லாஞ் சரி" என்றார் பெரியப்பா. "சுண்டுவிரலுக்குத்தான் எடம் பத்தல."

எனக்கு அலுத்துவிட்டது. மாதாமாதம் பைக்குள் கத்தியை வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு போய்வருவது யார்? இதற்கு ஒரேயடியாக ஒரு முடிவு கட்டத் தீர்மானித்தேன். வாழைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் இறங்கிக் களிமண் எடுத்துப் பிசைந்தேன். அதைக் கத்திப்பிடி போல நீளமாக உருட்டிக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் நீட்டினேன்.

"என்னாத்தா இது?"

"கத்தியப் புடிக்கிற மாதிரி அமுக்கிப் புடிங்க. வெரல் எல்லாம் பதிஞ்சிரும். அப்பா அதப் பாத்துச் செஞ்சிட்டா இனிமே தப்பே வராது."

அவர் கையை நீட்டவில்லை. களிமண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்றார். "புள்ள கேக்குதுல்ல, புடிங்களேன்" என்று பெரியம்மா அதட்டிய பிறகுதான் பிடித்தார். அதை வெயிலில் காயவைத்து, என் சோற்று டப்பாவுக்குள் துணி சுற்றி, உடையாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

அப்பா அதைக் கையில் வாங்கியதும் வேலை தொடங்குவார் என்று நினைத்தேன். அவரோ அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் லேசான ஒரு கீறல்தான் இருந்தது. "சின்னப்புள்ளையில மரத்துலருந்து விழுந்தாரு. அந்த வெரலு இன்னும் மடங்கலபோல" என்று அம்மாவிடம் சொன்னார். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவு எடுக்க இவ்வளவு நேரமா என்று எனக்குப் பொறுமை போயிற்று.

அடுத்த மாதம் கொண்டுபோன பிடி அச்சாகப் பொருந்தியது. பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தார் முழுக்க அறுத்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

"அப்பாகிட்ட என்ன சொல்லணும்?"

"என்னத்தச் சொல்ல? சரியா இருக்குன்னு சொல்லு."

அதை வந்து சொன்னேன். அப்பா, "வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பாராட்டுக்காகக் காத்து நின்றேன். "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுச் சூட்டிகை ஆகாதுடி" என்றாள் அம்மா. அவள் குரலில் பாராட்டு எதுவும் இல்லை. அதன்பின் நான் வெறும் பையோடு போய் வெறும் பையோடு திரும்பினேன். பயணம் சுகமாக இருந்தது. ஆனால் பல ஞாயிறுகள் அப்பா கோணியை விரிக்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, பெரியப்பா எங்கோ பார்த்துக்கொண்டு கத்தியை என் முன்னால் வைத்தார். "ஆணி ஆடுது."

அப்பா அடித்த ஆணி ஆடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தில் ஆராய்ந்தேன். பித்தளையைச் சுற்றிலும் புதிய கீறல்கள். ஒரு பக்கத்திலிருந்து எதையோ வைத்து அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ராத்திரியே அப்பாவிடம் சாட்சியத்தோடு ஒப்படைத்தேன். "இது தானா ஆடலப்பா. யாரோ வேணுமின்னே அடிச்சிருக்காங்க. இந்தா பாருங்க, தடம்."

தன் கத்தியால் யாராவது தேங்காய் ஓட்டை நெம்பினாலே இரண்டு நாள் பேசாத மனிதர் அவர். விளக்கடியில் கத்தியைச் சாய்த்துப் பார்த்தார். கோபமே வரவில்லை. மறுநாள் காலையில் ஆணியை இறுக்கிவிட்டு, சுவரில் தொங்கிய சட்டையை எடுத்தார். "இத உன்கிட்டக் குடுத்துவிட முடியாது. நேர்ல போயிக் கேக்க வேண்டிய விசயம்."

குற்றவாளி மாட்டிக்கொள்வதைப் பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். பெரியப்பா தோப்பில் பழைய அருவாளால் சீப்பு அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்பா பையிலிருந்து கத்தியை எடுத்தார். பெரியப்பா கையை நீட்டினார். அப்பா அந்தக் கையில் வைத்தார்.

"கீழ வைங்கப்பா!" என்று கத்தினேன். இத்தனை மாதமும் ஒரு தடவைகூடத் தவறாமல் நான் காத்துவந்த விதி அது. அவர்கள் காதில் விழவே இல்லை.

சண்டை வரச் செத்த நேரம்கூட ஆகவில்லை. ஆணியை அடித்தது யார் என்று அப்பா கேட்டார். "ஆமா, நாந்தேன் அடிச்சேன், அதுக்கு இப்ப என்னாங்குற?" என்றார் பெரியப்பா. மரம் வந்தது, சுவர் வந்தது, யார் யாரிடம் முதலில் பேசாமல் போனது என்பது வந்தது. தோப்பில் தொடங்கிய சத்தம் வீடு வரை வந்து, இலை போட்ட பிறகும் ஓயவில்லை. மடங்காத சுண்டுவிரலை நீட்டிப் பெரியப்பா ஏதோ சொல்ல, "அன்னைக்கி உன்ன ஏறச் சொன்னது நானாக்கும்?" என்று அப்பா எகிறினார்.

பெரியம்மாவிடம் காரணத்தை விளக்கினேன். "கையில குடுத்தாங்க பெரியம்மா. அதான்."

"ஆமாத்தா. நல்லாப் போடட்டும் சண்ட" என்றாள்.

விதி பொய்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. நாள் கிழமை எதுவும் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவு சத்தத்துக்கு நடுவில், பெரியம்மா எதற்காகப் பாயசம் வைத்தாள் என்பதுதான் விளங்கவில்லை.