தாலாட்டு இல்லாமல் முடிந்த ஞாயிறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மரக்காணத்தில் உப்பு வாருகிற பருவத்தில் நடந்தது இது. உப்பளத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடி நாட்டுப்புறப் பாட்டு பாடுவோம். குழு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே தவிர, யாரும் முறையாகக் கற்றவர்கள் இல்லை. டோலக் அடிக்கும் அண்ணன் தையற்காரர். முதல் குரல் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா. நான் ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்ப்பவள். எனக்குப் பாட்டைவிட வாய்தான் அதிகம்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். வாரம் ஒருவர் முறை. முறைக்காரர் கேட்கும் பாட்டை எல்லோரும் பாடியாக வேண்டும், மூஞ்சி சுளிக்கக் கூடாது. அதனால் ஒரு வாரம் நடவுப் பாட்டு, அடுத்த வாரம் மாதா பாட்டு, இன்னொரு வாரம் பழைய சினிமாப் பாட்டு என்று கதம்பமாகப் போகும். ஆனால் எதைப் பாடினாலும் கடைசியில் ஒரு தாலாட்டு உண்டு. அக்காவும் நானும் ஒரே சமயத்தில் மாசமாக இருந்தோம். இரண்டு வயிற்றுக்கும் சேர்த்து ஒரு பாட்டு என்று அண்ணன் ஆரம்பித்துவைத்த வழக்கம் அது.

அக்காவுக்குப் பெண் பிறந்தாள். என் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது.

சில மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பிறகு ஒரு ஞாயிறு என் கணவர்தான் பிடிவாதமாக வண்டியில் ஏற்றிவந்து கொட்டகை வாசலில் இறக்கிவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கும்மிப் பாட்டு பாடினோம், கிளம்பிவிட்டோம். அடுத்தடுத்த வாரங்களில் ஓடப் பாட்டு, கேலிப் பாட்டு எல்லாம் வந்தது, தாலாட்டு மட்டும் வரவில்லை. மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பாதிப் பாட்டில் அக்கா புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தை இல்லாத வீட்டில் பால் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"பாப்பா எங்கக்கா?"

"வூட்ல, மாமியார்கிட்ட."

"பசிச்சு அழுவாதா? ஏன் தூக்கினு வர்றதே இல்ல?"

அண்ணன்தான் டோலக்கைப் பார்த்தபடியே, "நீ பாத்தா மனசு கஷ்டப்படுவேன்னு நாங்கதாம்மா பேசி வெச்சோம்" என்றார்.

முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பச்சைப் பிள்ளை அங்கே பசியோடு கிடக்க, நான் இங்கே நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தேனே! அப்புறம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் எனக்காக ஒரு பாட்டையே ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

"அடுத்த வாரம் என் முறைதான? தாலாட்டுதான் பாடணும். பாப்பாவத் தூக்கினு வாங்க. யாரும் மூஞ்சி சுளிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிறு அவளை மடியில் வாங்கிக்கொண்டு நானே ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. அக்கா எடுத்துக்கொண்டார், அண்ணன் விரல் நுனியால் மெதுவாகத் தட்டினார். பாப்பாவோ தூங்குகிற மாதிரியே இல்லை. என் வளையலைப் பிடித்து இழுத்தாள், கடைசியில் புடவையையும் நனைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; பல மாதம் கழித்து.

இப்போது அவள் கொட்டகை முழுக்க ஓடுகிறாள், நாங்கள் மறுபடியும் தாலாட்டில்தான் முடிக்கிறோம். அது இன்றைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் பாடும்போது எல்லோருக்கும் தெரியும்.