கம்ப்யூட்டருக்கு நான் பூசிய டீசல்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இல்லை, படகு எஞ்சினுக்கு அடியில் கிடந்தேன். ஆனால் கிளிஞ்சல்மேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சூடேறி நின்றுபோன எஞ்சினை எங்கே கொண்டுபோவது என்று. என் பட்டறையைத்தான் காட்டுவார்கள். கையை வைத்துப் பார்த்தே எந்த சிலிண்டர் சுடுகிறது என்று சொல்லிவிடுவேன். மாடி வீடு, ஒரே மகளுக்குப் பெரிய படிப்பு, எல்லாம் நானாகச் சம்பாதித்தது. இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டியிருக்கிறது. அது கிடக்கட்டும்.

மகள் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலவே, வெயிலும் நிழலுமாகப் படம் ஓட்டிக் காட்டுகிற வேலை. என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது வந்தவள், இங்கிருந்தே வேலை செய்கிறேனே என்று கேட்டாள். ஒரு மாதம் பார்ப்போம், படங்கள் நேரத்துக்கு வந்தால் அங்கேயே இரு, வராவிட்டால் திரும்பி வந்துவிடு என்றார்கள். அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சொல்லவில்லை. யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

அந்த வேலைக்காக மாடி அறையில், கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம், தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டினாள். பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே வளைந்து வளைந்து குழாய்கள், அதில் நீலத் தண்ணீர்.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்கு ட்ரிப்ஸ் ஏத்தி வச்சிருக்க?"

"பிராசஸர் சுடும்ப்பா. கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டப் போறேன். ஓவர்கிளாக்னு சொல்லுவாங்க. வெறும் காத்தாடி தாங்காது."

"எஞ்சின் கவர்னரைத் திருகி ஆர்.பி.எம். ஏத்துறது, அதானே? இதை நான் நாப்பது வருஷமா பண்ணிக்கிட்டிருக்கேன்."

"அதேதான்ப்பா" என்று சிரித்தாள்.

ஒரு தடவை காட்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பம்பு தண்ணீரைத் தள்ளும். அது பிராசஸர் மேலிருக்கும் செம்புக் கட்டியில் சூட்டை வாங்கிக்கொண்டு, பெட்டியின் முன்பக்கத்து ரேடியேட்டருக்கு வரும். மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியே காத்தாடிகள் காற்றை இழுத்து அதை ஆற்றும். திரையின் மூலையில் சூட்டின் எண் தெரியும். முழு வேலையில் எழுபத்தெட்டு. நூறை நெருங்கினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் தாமதமாகும் என்றாள்.

முதல் வாரம் நன்றாகப் போனது. அந்த வாரக் கடைசியில் அம்மாவும் மகளும் காரைக்காலுக்கு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள். நான் மாடிக்குப் போனேன். முன்பக்க வலையைக் கழற்றிப் பார்த்தால் ரேடியேட்டர் தகடுகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு. எங்கள் கரையில் எந்த இரும்பையும் அப்படி விட மாட்டோம். கரையேறிய எஞ்சினை நல்ல தண்ணீரால் துடைத்து, டீசலில் கொஞ்சம் ஆயில் கலந்து பிரஷ்ஷால் ஒரு பூச்சுப் பூசிவிடுவோம். அதன்பிறகு உப்பு அண்டாது. அதைத்தான் செய்தேன். ஒரு தகடு விடாமல் பூசினேன். கம்பெனிக்காரன்கூட அவ்வளவு சுத்தமாகப் பூசியிருக்க மாட்டான். வலையை மாட்டிவிட்டுக் கீழே வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. நான் செய்கிற எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுகிற ஆள்தான், இதை மறந்துவிட்டேன். டீசல் வாசனை எங்கள் வீட்டில் யாருக்கும் தனியாகத் தெரியாது.

இரண்டு நாளில் எண்பத்திரண்டு. நாலு நாளில் எண்பத்தொன்பது. பிராசஸர் மேல் பூசுகிற பசையை மாற்றினாள். பம்பைக் கழற்றி மாட்டினாள். குழாயில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று பெட்டியைச் சாய்த்துத் தட்டினாள். காத்தாடிகளை முழு வேகத்தில் விட்டாள், மாடியே இரைந்தது. நான் பக்கத்தில் நின்று யோசனை சொன்னேன்.

"பம்புதாம்மா. தண்ணி ஓட்டம் பத்தல. எனக்குத் தெரியாத சூடா?"

"உங்க வாய் ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க. புள்ளை மூஞ்சியைப் பாருங்க" என்று கீழேயிருந்து மனைவி கத்தினாள்.

தொண்ணூற்றாறு வந்தது. கம்ப்யூட்டரின் வேகத்தை அவளே குறைத்தாள். ஆறு மணி நேரத்தில் முடிகிற படம் பத்து மணி நேரம் இழுத்தது. இரண்டு படங்கள் தாமதமாகப் போயின. அவள் சரியாகச் சாப்பிடுவதை விட்டாள். பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போனது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, "அப்பா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். முன்பக்க வலை கழன்றிருந்தது. அவள் விரலில் கறுப்பாகப் பிசுக்கு. மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"டீசல் வாசனை வருது."

"உப்பு பிடிச்சிருந்துச்சும்மா. அதான் ஒரு பூச்சு..."

"எப்போ?"

"நீங்க டாக்டர்கிட்ட போயிருந்தப்ப."

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"படகு எஞ்சின்ல சூடு தண்ணியோட கடலுக்குப் போயிடும்ப்பா. இதுக்கு இந்தத் தகடு வழியாத்தான் காத்துல போகணும். ஆயில் மேல தூசி ஒட்டி இடுக்கெல்லாம் அடைச்சுக்கிச்சு."

அவள் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா அது? எத்தனை லாரி ரேடியேட்டரில் நானே சேற்றைக் குத்தி எடுத்திருக்கிறேன்! திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். நான் மெல்லிய பிரஷ் எடுத்துவந்து இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். கழுவி, காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்ப இரண்டு நாள் ஆனது. எழுபத்தேழு காட்டியது.

அந்த இரண்டு நாளில் மூன்றாவது படமும் தாமதம். மாதம் முடியும் முன்பே நிறுவனத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை பெங்களூரில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை கம்ப்யூட்டரைக் கட்டினோம். வண்டியில் ஏற்றுவதற்கு முன் உள்ளே இருக்கிற தண்ணீரை எடுத்துவிட வேண்டும். கீழ்க் குழாயை அவிழ்த்து ஒரு வாளியில் விட்டாள். நான் பெட்டியைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"கனமா இருக்காப்பா?"

"இதெல்லாம் ஒரு கனமா? ஆறு சிலிண்டர் எஞ்சினை..."

"தெரியும்ப்பா. இன்னும் கொஞ்சம் சாய்ங்க."

சாய்த்தேன். நீலத் தண்ணீர் விட்டு விட்டு இறங்கியது.

"ஆஃபீஸ்ல என்னம்மா சொன்ன? எதனால லேட்டுன்னு?"

அவள் குழாயைப் பிடித்தபடி நிமிராமலே சொன்னாள்: "உப்புக்காத்துன்னு சொன்னேன்."

தண்ணீர் முழுதும் இறங்கும்வரை பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.