ஓரத்தில் டிக் போடாதவர்

தென்னூரில் என் வீட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள்: “இயற்கை நேசர், உளவியல் துறைப் பேராசிரியர் ரங்கநாயகி மேடம் இன்று காலை ஸ்ரீரங்கத்தில் காலமானார்.” ஓய்வுபெற்ற பிறகு கொஞ்ச நாளாகவே உடம்பு முடியாமல் இருந்தார் என்பது தெரியும். தெரிந்திருந்தும் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே செய்தியை இரண்டாம் முறை படித்தேன். “இயற்கை நேசர்” என்ற இடத்தில் எனக்குப் பெரிதாகச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த என் கணவர், “என்னாச்சு, அழுவுறியா சிரிக்கிறியா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று புரிந்திருக்கும். மாணவர்களுக்கு இயற்கைமீதும் சுற்றுச்சூழல்மீதும் எத்தகைய மனப்பான்மை இருக்கிறது என்று அளப்பதிலேயே பணிக்காலத்தில் பாதியைக் கழித்தவர் ரங்கநாயகி. ஆனால் அவருக்கு இயற்கையோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. அணில் என்றால் பயம், எறும்பு என்றால் கோபம். ஒருமுறை மாணவர்களை வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். மஞ்சள் நிறத்தில் ஒன்று வந்து அவர் தோளில் அமர்ந்தது. பிள்ளைகள் எல்லாம் “மேடம், அசையாதீங்க, போட்டோ எடுக்கிறோம்” என்று சூழ்ந்துகொள்ள, அவர் போட்ட கூச்சலில் பூங்காக் காவலர் ஓடிவந்தார். “அழகா இருக்கட்டும். ஆனா அங்கேயே இருக்கட்டும்” என்றார் புடவையை உதறிக்கொண்டு. நான் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள், மரம் என்றால் கட்டிக்கொள்ளும் ஜாதி. எங்கள் இருவரையும் தேநீர் இடைவேளையில் ஒரே பெஞ்சில் பார்ப்பவர்கள் வேடிக்கைக்கென்றே பக்கத்தில் வந்து உட்கார்வார்கள்.

அவருடைய வேலை எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதை முழுவதும் ஏற்கிறாயா, ஏற்கிறாயா, முடிவு இல்லையா, ஏற்கவில்லையா, சிறிதும் ஏற்கவில்லையா என்று ஐந்து கட்டத்தில் ஒன்றில் டிக் போடச் சொல்வது. இதில் என்ன பிரமாதம் என்று கேட்டுவிட்டேன். அவர் பையிலிருந்து யாரோ தயாரித்த பழைய தாளை எடுத்துக் காட்டினார். முதல் வாக்கியம், “இயற்கையைப் பாதுகாப்பது நமது கடமை.” எல்லாரும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டிருந்தார்கள்.

“இதுக்கு இல்லேன்னு யாராவது சொல்லுவாளா செல்வி? அம்மாவைப் பிடிக்குமான்னு கேக்கறாப்ல இருக்கு. டிக் போட்ட கையோட டீ கப்பை ஜன்னல் வழியா வீசிட்டுப் போறா. அப்போ நான் எதை அளந்தேன்?”

அதனால் அவர் தன் வாக்கியங்களைக் கேன்டீனிலும் சத்திரம் பேருந்து நிலையத்திலும் தேடினார். பிள்ளைகள் புலம்புவதைக் காதில் வாங்கி அப்படியே எழுதினார். “ஆடிப்பெருக்கன்று பூஜைப் பூவைப் பிளாஸ்டிக் பையோடு காவிரியில் விட்டால் ஒன்றும் ஆகிவிடாது.” “தேனீ செத்தாலும் பரவாயில்லை, எங்கள் தெருவில் கொசு மருந்து அடிக்க வேண்டும்.” “என் வண்டிமேல் எச்சமிடும் பறவையை எனக்குப் பிடிக்காது.” தாளை வாங்கும் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பார்கள். அந்த யோசனையைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லாவற்றுக்கும் ஓரத்துக் கட்டத்திலேயே டிக் போட்ட தாளைக் கண்டால் மட்டும் முகம் சுருங்கும். “யோசிக்காம ஓரத்துலயே போட்டுண்டு போறவாளை நம்பப்படாது” என்பார். ஒவ்வொரு முறையும் தானும் ஒரு தாளை நிரப்புவார். ஒவ்வொரு டிக்குக்கும் உரிய மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தால் அவருக்குத்தான் மிகக் குறைவாக வரும். அதை எல்லாரிடமும் காட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

இனி அந்த மரத்தின் கதை. கல்லூரி வாசலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில்தான் பிள்ளைகள் வண்டியை நிறுத்துவார்கள். மேலே காகங்களும் மைனாக்களும் குடும்பம் நடத்தின. பிசுபிசுக்கும் காய் ஒரு பக்கம், எச்சம் ஒரு பக்கம் என்று சாயங்காலத்தில் வண்டிகளைப் பார்க்கச் சகிக்காது. வையம்பட்டியிலிருந்து வந்து படித்த நிவேதா என்ற முதுகலை மாணவி, வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பிய அன்று வெள்ளைச் சுடிதாரோடு, எச்சம் விழுந்திருந்த தன் வண்டிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முதல்வர் அறைக்குப் போய்ப் போட்ட சண்டை மாடி வரை கேட்டது. முதல்வர் மரத்தை வெட்டித் தகரக் கொட்டகை போடுவதென்று முடிவுக்கு வந்தார். ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து கத்தினேன். “பசங்க வேணாம்ங்கிறாங்க மேடம், நான் என்ன செய்ய?” என்றார் அவர். அப்போது ரங்கநாயகி எழுந்து, “பசங்க என்ன நினைக்கறாங்கறதை அளந்தே பார்த்துடலாமே” என்றார். முதல்வரும், சரி, அதை வைத்தே முடிவு செய்யலாம் என்று ஒப்புக்கொண்டார்.

மரம் பிழைத்தது என்றே நினைத்தேன். அன்று தேநீர் இடைவேளையில் அவரிடம், “அந்தப் பழைய தாளையே குடுத்துடுங்க மேடம். எல்லாரும் மரத்தைக் காப்பாத்தணும்னுதான் எழுதுவாங்க” என்றேன்.

“உங்க மரத்துக்காக என் அளவுகோலை வளைக்கச் சொல்றேளா?”

“என் மரம் இல்லைங்க. எல்லாருக்குமான மரம்.”

“அப்போ எல்லாரையும் நேர்மையாக் கேட்டுடுவோம்.”

எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். வெட்டிய மரத்தை எந்த அளவுகோலாலும் ஒட்டவைக்க முடியாது. அவர் அசையவில்லை. எச்சம், பிசுபிசுப்பு, நாற்றம் எல்லாவற்றையும் போட்டு, கடைசியில் “இந்த மரத்தை வெட்டலாம்” என்றும் ஒரு வாக்கியம் எழுதினார். நான் பயந்தபடியே ஆயிற்று. பெரும்பாலோர் வெட்டலாம் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

அந்த முடிவை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் முதல்வரிடம் கொடுத்தார் ரங்கநாயகி. கூடவே ஒன்று கேட்டார். “இது அவா எழுதினது. என்ன செய்வாங்கறதை இன்னும் அளக்கலை. ஒரு வாரம் டயம் குடுங்கோ.” மரமே இல்லாத மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டி நிறுத்தலாம் என்று அறிவிப்பு வைத்தார்கள். மரத்தடியையும் அடைக்கவில்லை. யாருக்கு எங்கே வேண்டுமோ நிறுத்தலாம். நாங்கள் நூலக ஜன்னலில் நின்று பார்ப்பது என்று ஏற்பாடு. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் நானும் போய் நின்றேன்.

முதல் நாள் மரத்தடி காலி. எல்லா வண்டியும் மைதானத்தில் சுத்தமாக, வரிசையாக நின்றது. மரம் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். திருச்சியின் சித்திரை வெயிலை நான் கணக்கில் எடுக்கவில்லை. மத்தியானம் வகுப்பு முடிந்து வந்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் “ஐயோ, அம்மா” என்று துள்ளி எழுந்தார்கள். கைப்பிடியைத் தொட முடியாமல் துப்பட்டாவால் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் பாதி வண்டி மரத்தடிக்குத் திரும்பிவிட்டது. அதற்கடுத்த நாள் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு போர்வை வந்தது. பழைய லுங்கி, கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர், ஒருவன் குளியல் தொப்பியே கொண்டுவந்தான். நிவேதா தன் அம்மாவின் பழைய புடவையை வெட்டி, சீட்டுக்கு அளவாக உறை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாரக் கடைசியில் முதல்வரின் காரே மெல்ல உருண்டு வந்து மரத்தடியில் நின்றது. ரங்கநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நானும் சிரித்து, கோபத்தை மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெட்டும் யோசனையை முதல்வர் சத்தமில்லாமல் கைவிட்டார். நான் பூரித்துப்போய்க் கல்லூரி இதழுக்கு “மாணவர்களின் மரநேசம்” என்று ஒரு கட்டுரை எழுதி அவரிடம் காட்டினேன்.

“நேசம்னு எழுதாதீங்கோ. வெயில்னு எழுதுங்கோ. அதுவே போறும், மரம் நிக்கும்.”

நாங்கள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும்போதுதான் நிவேதா கதவருகில் வந்து நின்றாள். வெட்டலாம் என்று எழுதியவர்களில் முதல் ஆள் அவள். “மேடம், மேல காக்கா குஞ்சு பொரிச்சிருக்கு. இனிமே வெட்ட மாட்டாங்கல்ல?” என்று கேட்டாள். மாட்டார்கள் என்றதும் போய்விட்டாள். ரங்கநாயகி எழுந்து போய் ஜன்னல் வழியே மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “இதை அளக்கறதுக்கு என்கிட்ட வாக்கியம் இல்லையே செல்வி” என்றார். தோற்றுப்போன முகமாக அது இல்லை. பரிசு வாங்கிய பிள்ளையைப் போல இருந்தார்.

கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, அவர் மரங்களை உயிராக நேசித்தார் என்றார்கள். இருந்திருந்தால் அந்த வாக்கியத்துக்கு எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நேசித்தாரோ இல்லையோ, பொய் சொல்லாமல் ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அதுதான். இப்போதெல்லாம் எதையாவது புகழ்ந்து எழுத உட்கார்ந்தால், இதற்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா என்று அவர் குரல் கேட்கிறது. பாதி வரிகளை அடித்துவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து மரத்தடிக்கு வந்தேன். என் வண்டி சீட்டில் காகம் தன் வேலையைக் காட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே, அவர் முறைப்படி ஒரு வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். “ரங்கநாயகி இல்லாத தேநீர் இடைவேளை எனக்குப் பழகிவிடும்.” இல்லை என்று சொல்லவும் இடம் இருக்கிற வாக்கியம்தான், அவரே ஒத்துக்கொள்வார். நன்றாக யோசித்துவிட்டுத்தான் போடுகிறேன் மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசிக் கட்டம், ஓரத்தில். சிறிதும் ஏற்கவில்லை.